நித்திரை கொண்டேனா இல்லையா

போன மாதம் இரத்மலானையிலிருந்து ஓர் இளம் விமானி தொலைபேசியில் அழைத்தார். வாடகை விமானம் ஓட்டுகிறவர்களுக்கான ஓய்வு விதிகளைத் திருத்தப் போகிறார்களாம். வீட்டில் இருந்தபடி அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தை ஓய்வில் சேர்ப்பதா, வேலையில் சேர்ப்பதா என்று விமானிகளிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க இதில அனுபவப்பட்ட ஆள், கெப்டன். எங்களுக்கு வந்து கொஞ்சம் கதைக்க வேணும்" என்றார்.

போனேன். தண்ணீரில் இறங்கும் மிதவை விமானத்தைப் பற்றியும் கடலோடு சேர்ந்து கிடக்கும் புத்தளம் களப்பைப் பற்றியும் உற்சாகமாகக் கதைத்தேன். முடிவில் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப கெப்டன், காத்திருக்கிறது ஓய்வா, வேலையா? உங்கட முடிவு என்ன?" என்று கேட்டா. "எழுதி அனுப்புறேன் மகள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதைத்தான் இப்போது எழுதுகிறேன். முடிவு கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். என்ன நடந்தது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

நான் கற்பிட்டியில் பிறந்தவன். வாப்பாவுக்கு மதுரங்குளியில் வெங்காயமும் கருவாடும் வாங்கி விற்கும் கடை இருந்தது. நான் விமானம் படிக்கப் போகிறேன் என்றபோது அவர் மறுக்கவுமில்லை, நம்பவுமில்லை. இரத்மலானையில் படித்து, மாலைதீவில் மிதவை விமானங்களில் நீண்ட காலம் வேலை செய்து, தலை நரைக்கத் தொடங்கியபோது ஊர் திரும்பினேன். கொழும்பில் இருந்த ஒரு சிறிய வாடகை விமான நிறுவனம் எங்கள் களப்பில் ஒரு மிதவை விமானத்தை நிறுத்தி வைக்க விரும்பியது. டொல்பின் பார்க்கவும் பட்டத்தில் தொங்கிக் கடலில் சறுக்கவும் வெளிநாட்டார் வரத் தொடங்கியிருந்த காலம். வீடும் வேலையும் ஒரே ஊரில். அல்லாஹ் தந்த கொடை என்று என் மனைவி பரீதா சொன்னா.

வாடகை விமானத்துக்கு நேர அட்டவணை கிடையாது. பெரிய விமானம் ஓட்டுகிறவருக்கு அடுத்த கிழமை எந்த நாள், எத்தனை மணிக்குப் பறப்பார் என்று தெரியும். எங்களுக்கு இன்று பின்னேரம் என்ன நடக்கும் என்றே தெரியாது. யாரோ ஒரு ஹோட்டலில் யாரோ ஒருவர் காலைச் சாப்பாட்டின்போது "கொழும்புக்குப் பறந்தே போவோம்" என்று முடிவெடுப்பார். அந்த முடிவுக்காக நான் வீட்டில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டையை அயன் பண்ணி வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

எங்கள் கையேட்டில் நேரம் மூன்று வகை. கடமை, காத்திருப்பு, ஓய்வு. கடமை என்றால் விமானத்தோடு இருப்பது. காத்திருப்பு என்றால் வீட்டில் இருக்கலாம், ஆனால் தொலைபேசி அடித்தால் உடனே எடுத்துத் துறைக்கு ஓட வேண்டும். ஓய்வு என்றால் தொலைபேசியை அணைத்து வைக்கலாம். நிறுவனம் கூப்பிடக் கூடாது. எழுத்தில் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றும் என் வீட்டில் ஒரே கட்டிலில், ஒரே மின்விசிறிக்குக் கீழேதான் நடந்தன. காத்திருப்பு நேரத்தில் படுத்தால் காது மட்டும் விழித்திருக்கும். ஓய்வு நேரத்தில் படுத்தாலும் அந்தக் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எங்கள் பிரதம விமானி கெப்டன் ரணவீர. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், சிங்களவர், குருநாகல் பக்கம் ஊர். என்னோடு சிங்களத்தில்தான் கதைப்பார், இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒருபோதும் "பறக்க முடியுமா?" என்று கேட்க மாட்டார். முடியுமா என்று கேட்டால் எந்த விமானியும் முடியும் என்றுதான் சொல்வான் என்பது அவர் எண்ணம். கடைசியாக எப்போது நித்திரை கொண்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்பார். கேட்டுவிட்டு மௌனமாக இருப்பார். தொலைபேசியில் அவர் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மௌனத்தில் நாம் தேவைக்கு அதிகமாகக் கதைத்தால், அதிலிருந்தே எங்கள் களைப்பை அளந்துவிடுவார்.

முதல் வருட நோன்பு மாதத்தில் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். விடியுமுன் சஹருக்கு எழும்பிச் சாப்பிடுகிறேன். கையேட்டில் ஓய்வு இடையில் முறியாமல் இருக்க வேண்டும் என்று இருக்கிறதே, அப்படியானால் என் ஓய்வு முறிந்ததா? அவர் நையாண்டி செய்யவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பிறகு அவரே அழைத்தார்.

"நிஸ்தார், நான் உங்களை எழுப்பக்கூடாது எண்டுதான் அந்த விதி. உங்கட கடவுள் எழுப்பினால் அது என்ர இலாகா இல்லை. ஆனா சாப்பிட்டுட்டு திரும்ப நித்திரை வராட்டி எனக்குச் சொல்லுங்க. ஏன் எண்டு கேக்க மாட்டன்."

அது எனக்குச் சரியாகப் பட்டது. அப்போது.

களப்பில் எனக்குக் கிடைத்த நல்ல துணை செபஸ்தியான். கத்தோலிக்க மீனவக் குடும்பம். மீன்பிடியை விட்டுவிட்டு டொல்பின் பார்க்கப் போகிறவர்களுக்குப் படகு ஓட்டினார். வயதில் என்னைவிட இளையவர், அண்ணன் முறைக்கு எங்கள் ஆட்கள் சொல்வது போல என்னை "நானா" என்று கூப்பிடுவார். மாசி, பங்குனியில் காற்றே இல்லாத நாட்களில் களப்பு கண்ணாடி போலக் கிடக்கும். பார்க்க அழகு, மிதவை விமானிக்கு அதைவிடப் பயம் வேறில்லை. கண்ணாடித் தண்ணீரில் உயரம் தெரியாது. தண்ணீர் இன்னும் தென்னை உயரத்துக்குக் கீழே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மிதவை அதில் மோதிவிடும். அப்படியான நாட்களில் செபஸ்தியான் என் எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் படகை எடுத்துக்கொண்டு வந்து, நான் இறங்க வேண்டிய இடத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி அலை எழுப்புவார். அந்த அலையைப் பார்த்துத்தான் நான் உயரத்தைக் கணித்து இறங்குவேன். யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு நாள் நான் தடுமாறி இறங்கியதைப் பார்த்துவிட்டு அவராகவே தொடங்கிய வேலை அது.

அப்படியான ஒரு பங்குனி மாதத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

அதற்கு முதல் நாள் பொழுது சாயும் வரைக்கும் பறந்திருந்தேன். மறுநாள் மத்தியானம் வரைக்கும் எனக்கு ஓய்வு, அதற்குப் பிறகு காத்திருப்பு. ஆனால் அடுத்த வீட்டில் கலியாணம். ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் என் ஜன்னலுக்கு நேரே. இரவு கண் மூடவில்லை. பரவாயில்லை, காலையில் படுக்கலாம் என்று இருந்தேன். கலியாண வீடு அடங்கியதும் படுத்தேன். கண் சொருகிய நேரம் தொலைபேசி அடித்தது. அணைக்க மறந்திருக்கவில்லை, உம்மாவுக்குச் சுகமில்லாததால் திறந்து வைத்திருந்தேன்.

கொழும்பு அலுவலகத்துப் பிள்ளை ஷிரானி. "சொறி கெப்டன், ஓய்வு எண்டு தெரியும். மிதவைப் பம்பி எங்க இருக்கு? துறையில தேடுறாங்க."

மிதவைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கசியும். தினமும் காலையில் ஒவ்வோர் அறையிலும் பம்பியை வைத்து அந்தத் தண்ணீரை இறைக்க வேண்டும். இறைக்காவிட்டால் விமானம் சரியும். படகுக் கொட்டிலில் கயிறுகளுக்குக் கீழே பம்பி இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான் கதை. திரும்பப் படுத்தேன்.

மத்தியானத் தொழுகைக்கு எழும்பினேன், சாப்பிட்டேன், காத்திருப்புத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஹோட்டல் முதலாளி ஒருவர் நேரே எனக்கே அழைத்தார். டொல்பின் பார்க்கப் போன படகில் ஒரு வெளிநாட்டுப் பெண் தவறி விழுந்திருக்கிறா. செபஸ்தியான் குதித்து அவவைத் தூக்கியிருக்கிறார். பின்னால் வந்த படகின் எஞ்சின் விசிறி அவர் காலை வெட்டிவிட்டது. பெண்ணுக்கு ஒன்றுமில்லை. செபஸ்தியானைப் புத்தளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரத்தக் குழாய் அறுந்திருக்கிறது, அதைக் கொழும்பில்தான் பொருத்தலாம், எவ்வளவு கெதியாகப் போகிறாரோ அவ்வளவுக்கு நல்லது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

"விமானம் துறையிலதானே நிக்குது கெப்டன். புத்தளம் கரைக்குக் கொண்டுவந்து ஏத்தலாமே?"

ஏற்றலாம். பொழுது சாய்வதற்குள் கொழும்பில் இறங்கவும் நேரம் இருந்தது. நான் கட்டிலில் இருந்து சட்டையைப் போட்டுக்கொண்டே கொழும்புக்கு அழைத்தேன்.

அலுவலக முகாமையாளர் உடனே சரி என்றார். "உங்கட ஓய்வு மத்தியானத்தோட முடிஞ்சு. இப்ப காத்திருப்பு. சட்டப்படி பிழை இல்லை." பிறகு ஷிரானி அவருக்கு ஏதோ சொன்னது கேட்டது. காலையில் தான் அழைத்ததைச் சொல்லியிருக்க வேண்டும். "அது ரெண்டு வார்த்தைதானே" என்று முகாமையாளர் சொன்னதும் கேட்டது. பிறகு ரணவீர பேசினார்.

"காலையில அந்த அழைப்புக்குப் பிறகு நித்திரை கொண்டீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். கொண்டேன் என்று சொல்ல வந்தேன். அப்போதுதான் எனக்கே தெரியாது என்பது தெரிந்தது.

கண்ணை மூடிக் கிடந்தேன். முச்சக்கரவண்டி போன சத்தம் ஞாபகம் இருந்தது. கலியாண வீட்டில் பாத்திரம் கழுவிய சத்தம் ஞாபகம் இருந்தது. பாங்கு சொன்னது கேட்டு எழும்பினேன். இடையில் என்ன இருந்தது? சத்தங்களுக்கு நடுவே நித்திரையும் இருந்ததா, இல்லாவிட்டால் முழு நேரமும் சத்தங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேனா?

"தெரியாது சேர்" என்றேன்.

அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"வீட்டில யார் இருந்தது?"

"பரீதா."

"அவங்களிட்டக் குடுங்க."

பரீதாவிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். ரணவீர விமானப்படையில் பழகிய உடைந்த தமிழில் அவவிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

"மேடம், இவர் காலையில நித்திரை கொண்டதா?"

பரீதா என்னைப் பார்த்தா. செபஸ்தியானின் மனைவி ஜெசிந்தா அவவுக்கு நல்ல பழக்கம்.

"தெரியா சேர். நான் தேத்தண்ணி கொண்டு போன. கண் மூடித்தான் இருந்த. நித்திரையா ஈக்கும் எண்டு நினைச்சு நான் கூப்பிடல்ல."

"குறட்டை?"

"கலியாண வீட்டுப் பாத்திரச் சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கல்ல சேர்."

தொலைபேசி திரும்ப என் கைக்கு வந்தது.

"கண் எரியுதா?"

"ஓம்."

"நீங்க அழுதீங்களா?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின. கண் எரிவு களைப்பாலா, செபஸ்தியானை நினைத்தா என்று அறிய முயன்றிருக்கிறார். அப்போது நான், "இல்லை, கொஞ்சம்" என்று இரண்டையும் சொன்னேன்.

"இண்டைக்குக் களப்பு எப்படி?"

"கண்ணாடி."

"நீங்க இறங்கிற கொழும்பு ஏரியும் கண்ணாடிதான். இப்பதான் பார்த்தன்." பிறகு கேட்டார்: "நிஸ்தார், நாலு வெள்ளைக்காரரைச் சும்மா சுத்திக் காட்டுறதுக்கு எண்டா இப்ப நீங்க போவீங்களா?"

"போக மாட்டன் சேர்."

"அப்ப விமானம் அங்கேயே நிக்கட்டும்."

நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மாறியிருப்பாரா என்று தெரியாது. நான் நினைத்தது என்ன என்பதும் இப்போது தெளிவாக இல்லை. ஹோட்டல் முதலாளிக்கு வர முடியாது என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டார். செபஸ்தியான் அம்புலன்ஸில் வீதியால் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் கூடக் குழப்புகிறது. சட்டையைக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். அம்புலன்ஸ் எங்கே போகும், பாலாவி தாண்டியிருக்குமா, முந்தல் வந்திருக்குமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னேர அசர் தொழுகைக்குப் பரீதா என்னைக் கூப்பிட்டாவாம். தோளைப் பிடித்து உலுக்கினாவாம். நான் எழும்பவில்லையாம். எழும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. நான் பறந்திருந்தால், சிலாபத்துக்கு மேலேயோ கொழும்பு ஏரிக்கு மேலேயோ இருந்திருக்க வேண்டிய நேரத்தில் கதிரையில் பிணம் போலக் கிடந்திருக்கிறேன்.

"பாருங்க, அவர் சொன்னது சரிதானே. அல்லாஹ் காப்பாத்தினான்" என்றா பரீதா.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பறக்கத் தேவையில்லை என்றானதால்தான் உடம்பு விழுந்ததோ? சுக்கானைப் பிடித்திருந்தால் விழித்துத்தானே இருந்திருப்பேன்? மாலைதீவில் இதைவிடக் களைப்போடு எத்தனையோ நாள் பறந்து பத்திரமாக இறங்கியிருக்கிறேன். அந்த நாட்களில் பத்திரமாக இறங்கியது என் திறமையா, வெறும் அதிர்ஷ்டமா என்பதும் எனக்குத் தெரியாது.

செபஸ்தியானின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கொழும்புக்குப் போய்ப் பார்த்தேன். சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் நடைபாதையில் அகப்பட்டார். முன்னமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். "இருக்கலாம். வெட்டு மோசம். சொல்ல ஏலாது" என்று மூன்று பதிலையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அதைத்தானே செய்தேன்.

கட்டிலடியில் ஜெசிந்தா இருந்தா. செபஸ்தியான் மருந்து மயக்கத்தில் இருந்தார். ஜெசிந்தா சத்தம் போடவில்லை.

"நீங்க நித்திரையாம் எண்டு துறையில சொன்னாங்க நானா. அதாலதான் வர ஏலாமப் போச்சாம்."

"இல்ல தங்கச்சி" என்றேன். "நான் நித்திரை கொள்ளல்ல. அதுதான் பிரச்சினை."

"முழிச்சுத்தான் இருந்தீங்களா?"

"ஓம்."

"நித்திரை இல்லாம முழிச்சு இருந்தீங்க எண்டா, ஏன் நானா வரல்ல?"

விதியைச் சொல்லி விளங்கப்படுத்தத் தொடங்கினேன். ஓய்வு, காத்திருப்பு, இடையில் வந்த அழைப்பு, கண்ணாடித் தண்ணீர் எல்லாம் சொன்னேன். அவ கவனமாகத்தான் கேட்டா. பாதியில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் சரி. சேர்த்துப் பார்த்தால் ஒரு மனிதனின் கால் போனதற்கு அது போதவில்லை. நான் நிறுத்தியதும் ஜெசிந்தா பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்துத் தந்தா. யாரோ கொண்டுவந்தது, நீங்களும் சாப்பிடுங்கள் என்றா.

அடுத்த கிழமை ரணவீர களப்புக்கு வந்தார். முகாமையாளரும் வந்தார். துறையில் கதிரை போட்டு இருந்து கதைத்தோம். முகாமையாளர் தன் வாசிப்பின்படி நான் பறந்திருக்கலாம் என்றார். ரணவீர தன் வாசிப்பின்படி பறந்திருக்கக் கூடாது என்றார். இருவரும் கையேட்டின் ஒரே வரியைத்தான் காட்டினார்கள். 'தொந்தரவு' என்று அதில் ஒரு சொல் இருந்தது. அது எவ்வளவு என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

கடைசியில் ரணவீர எழும்பிப் படகுக் கொட்டிலுக்குள் போனார். சுவரில் தன் கையாலேயே ஓர் ஆணி அடித்து மிதவைப் பம்பியை அதில் தொங்கவிட்டார். "இனி இதுக்காக ஒருத்தரையும் எழுப்ப வேண்டாம்" என்றார். அன்றைய கூட்டத்தின் தீர்மானம் அது ஒன்றுதான்.

கார் ஏறும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "நான் உங்களைப் போக விட்டிருந்து, நீங்க நல்லா இறங்கியிருந்தா, நான் விட்டது சரி எண்டு நினைச்சிருப்பன். அதுதான் எனக்குப் பயம்." அவர் என்னை ஆறுதல்படுத்தினாரா, தன்னையா என்று அன்றும் விளங்கவில்லை.

செபஸ்தியான் பொய்க்காலோடு திரும்பி வந்தார். படகு ஓட்டத்தை விட்டுத் துறைக்குப் பக்கத்தில் ஐஸ் விற்கும் கடை ஒன்று போட்டார். என்னோடு கதைத்தார், சிரித்தார், முன்னைப் போலவே நானா என்றார். அந்த நாளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கண்ணாடித் தண்ணீர் நாட்களில் வேறு ஒரு படகுக்காரர் வந்து அலை எழுப்பினார். செபஸ்தியான்தான் அனுப்பியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வருடங்கள் ஓடின. எனக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. கடைசிப் பறப்பு, விமானத்தைப் பராமரிப்புக்காக வெறுமையாகக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்படைப்பது. அந்தக் கிழமை பொய்க்கால் சரிபார்க்க செபஸ்தியானுக்குக் கொழும்பில் கிளினிக். வழக்கமாகச் சிலாபம் வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில் ஏறுவார். ரணவீரவிடம் கேட்டேன். அவரும் ஓய்வு பெறும் தறுவாயில்தான் இருந்தார். முதல் நாள் இரவு நித்திரை கொண்டீர்களா என்று கேட்டார். கொண்டேன் என்றேன். "ஏத்திக்கொண்டு போங்க" என்றார்.

செபஸ்தியான் எனக்குப் பக்கத்து இருக்கையில். எஞ்சின் சத்தத்தில் கதைக்க அவர் காதில் ஹெட்செட் போட்டுவிட்டேன். ஜெசிந்தா பின்னால் ஜெபமாலையோடு இருந்தா. நல்ல காலை, மெல்லிய வாடைக் காற்று, களப்பில் சிற்றலை. கிளம்பினோம். இடப்பக்கம் உப்பளங்கள் சதுரம் சதுரமாகப் போயின. செபஸ்தியான் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த இடங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். "உடப்பு... அது உடப்புதான்... அங்க சிலாபத்துக் கோயில்." ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர் கையை இறக்குவதற்குள் சிலாபம் பின்னால் போய்விட்டது. தென்னந்தோப்பு, தென்னந்தோப்பு, பிறகு நீர்கொழும்புக் களப்பு. முன்னால் புகைமூட்டத்தில் கொழும்பின் உயரக் கட்டிடங்கள் தெரிந்தன.

"அது என்ன நானா?"

"கொழும்பு."

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ஹெட்செட்டில் அவர் குரல் என் காதுக்குள்ளேயே கேட்டது.

"இவ்வளவு கிட்டவா?"

கோபம் இல்லை. அழுகையும் இல்லை. கடையில் ஒரு சாமானின் எடையைக் கையில் தூக்கிப் பார்க்கிறவர் போலக் கேட்டார். அது கேள்வியா, முறைப்பாடா, வெறும் ஆச்சரியமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பதில் வேண்டியிருந்தது. வைத்திருந்த விளக்கங்களில் ஒன்றும் அந்த இரண்டு சொல்லுக்குப் பொருந்தவில்லை.

"ஓம்" என்றேன். "கிட்டத்தான்."

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு இறங்கும் வேலை.

ஏரியில் இறங்கி மிதப்புப் பாலத்தில் கட்டினேன். மிதவையில் கால் வைத்து இறங்குவது பொய்க்காலுக்குக் கஷ்டம். நான் முதலில் இறங்கி நின்று தோளைக் கொடுத்தேன். செபஸ்தியான் இரண்டு கையாலும் பிடித்து, தன் முழுப் பாரத்தையும் என் மேல் போட்டு இறங்கினார். மிதவை எங்கள் இருவருக்கும் கீழே கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி நிமிர்ந்தது. அவர் உடனே கையை எடுக்கவில்லை. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கிளினிக்குக்கு நேரத்தோட வந்துட்டம்" என்றா ஜெசிந்தா பின்னாலிருந்து. "இண்டைக்கு முதல் ஆளாப் போகலாம்."

செபஸ்தியான் சிரித்தார். இருவரும் வீதிக்கு ஏறி ஒரு முச்சக்கரவண்டியை மறித்து ஏறிப் போனார்கள். நான் சாவியை ஒப்படைக்க அலுவலகத்துக்குப் போனேன்.